பிடித்ததை விடுகிறவர்

பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுகிற மனிதரை எங்கள் அன்னவாசல் பக்கம் அதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்தபோது யாருக்கும் அது பிடிக்கவும் இல்லை. எனக்கும்தான்.

கோடையில் கண்மாய் வற்றித் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் எங்கள் பக்கத்தில் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். சுற்றுப்பட்டு ஊர் ஜனம் மொத்தமும் ஒரே பாய்ச்சலாக இறங்கும். அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவை வைத்து அமுக்குகிறவர்கள், வலை வீசுகிறவர்கள், ஒன்றும் இல்லாமல் வீட்டுக் கொசுவலையைக் கிழித்துக்கொண்டு வந்தவர்கள் என்று கண்மாய் முழுக்கச் சேறும் சத்தமுமாக இருக்கும். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். அப்படிச் செய்தால்தான் அடுத்த மழைக்குக் கண்மாய் பெருகும் என்பது நம்பிக்கை. அந்தக் கூட்டத்துக்குள் இவர் பதிமூன்று அடி நீளக் கம்பும், நுனியில் இறகு கட்டிய முள்ளுமாக வந்து நின்றார். பந்தியில் உட்கார்ந்து ஸ்பூன் கேட்கிறவரைப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து, எந்த விராலுக்கு வாழ்க்கை வெறுத்ததோ, அது அவர் முள்ளைக் கடித்தது. நல்ல கை நீள விரால். கையை நனைத்துக்கொண்டு தூக்கினார். முள்ளை எடுத்தார். வாலைப் பிடித்துத் தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கையை விரித்துவிட்டார். அது மூன்றடி போயிருக்கும். பக்கத்தில் நின்ற இலுப்பூர்க்காரர் ஒருவர் ஊத்தாவைப் போட்டு அமுக்கி, அதை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டார். கரையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. இவர் மட்டும் சாக்கைப் பார்த்து, "அவருக்குன்னு இருந்திருக்கு" என்றார்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் மழை வராமல் போய்விடும் என்று நான்தான் என் பாத்திரத்திலிருந்து இரண்டு கெண்டையை அவர் பையில் போட்டு, இதையாவது விட்டுவிடாமல் சமையுங்கள் என்றேன். சமைத்து எனக்கும் ஒரு கிண்ணம் அனுப்பினார். புளி இல்லை, மிளகாய் இல்லை, வெண்ணெயும் எலுமிச்சையும். ஒரு துளி மிச்சமில்லாமல் தின்றுவிட்டு, சப்பென்று இருந்தது என்று சொல்லி அனுப்பினேன். என் குணம் அப்படி.

ஊரில் அவரைக் கனடாக்காரர் என்பார்கள். பெயர் எனக்குத் தெரியும், எழுத மனமில்லை. ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். இளவயதில் கப்பல் சமையலறைக்குப் போனவர், பிறகு கனடாவில் ஒரு மலையாற்றங்கரையில், மீன் பிடிக்க வருகிற பணக்காரர்கள் தங்கும் விடுதியில் சமையல்காரராகி, இருபது வருடம் அங்கேயே இருந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்கு முடியவில்லை என்று வந்தார். அம்மா போன பிறகும் உடனே திரும்பவில்லை. அன்னவாசலில் என் தையல் கடைக்குப் பின்னால் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அவர் திரும்பிப் போய்விடுவாரா, இருந்துவிடுவாரா என்பதுதான் அந்த இரண்டு வருடமும் என் கவலை. ஏன் எனக்கு அந்தக் கவலை என்று யாராவது கேட்டிருந்தால் கத்தரிக்கோலை எடுத்துக் காட்டியிருப்பேன்.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகி நாலாம் வருடம் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. அப்போதிலிருந்து தையல் மிஷின்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பேச்சு. ரவிக்கை நன்றாகத் தைப்பேன் என்பதால் பொறுத்துக்கொள்வார்கள்.

முதலில் அவர் என் கடைக்கு நூல் வாங்கத்தான் வந்தார். இருப்பதிலேயே மெல்லிய கறுப்பு நூல், அப்புறம் கொஞ்சம் ஜரிகை. எதற்கு என்றதற்குச் சட்டைப் பையிலிருந்து சேவலின் கழுத்து இறகு நாலைந்தை எடுத்துக் காட்டினார். முள்ளின் மேல் இறகை வைத்து நூலால் கட்டினால் அது தண்ணீருக்குள் பூச்சி மாதிரி அசையுமாம், மீன் ஏமாந்து கடிக்குமாம். மண்புழுவைக் கோத்தால் வேலை முடிந்தது, இதென்ன வெட்டி வேலை என்றேன். "சரிங்க" என்றார். எதைச் சொன்னாலும் அதுதான். மறுநாளும் வந்தார். மத்தியானங்களில், அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து அவர் இறகு கட்டுவார், நான் தைப்பேன்.

கட்டுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார். முள்ளின் நுனியில் பின்பக்கமாகச் சாய்ந்த சின்னக் கொக்கி இருக்கும் அல்லவா, மீன் கழன்று போகாமல் பிடிப்பது, அதைக் குறடால் நசுக்கி வழவழப்பாக்கிவிடுவார். கழற்றும்போது வாய் கிழியாதாம். அப்படியானால் மீன் சும்மா உதறினாலே போய்விடுமே என்று கேட்டேன்.

"நூல் தொய்யாமப் பாத்துக்கிட்டா போகாதுங்க. தொஞ்சிருச்சுன்னா போயிரும்" என்றார்.

மீன் விஷயத்தில் அவருக்கு இது தெரிந்திருந்தது.

பேருந்தில் அவர் ஏறுவதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில் படியில் தொங்குவார். டீக்கடையில் அவருக்கு ஊற்றிய டீயை வேறு யாராவது எடுத்துவிட்டால் இன்னொன்று கேட்க மாட்டார். ஆவூரில் அவர்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலமும் ஓட்டு வீடும் இருந்தன. தன் பங்கை அப்படியே அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பத்திர ஆபீசிலிருந்து நேராக என் கடைக்கு வந்து இறகு கட்ட உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம். அம்மா இருந்த வீட்டில் ஒரு அறையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"அண்ணன் கெட்டியாப் புடிச்சிருக்காரு. ரெண்டு பேரும் இழுத்தா அறுந்துரும்ல" என்றார்.

கண்மாய்க் கரையில் தண்ணீர் இல்லாத நாட்களிலும் அவர் வீசிப் பழகுவார். வெறும் தரையில் மஞ்சள் நிற நூல் வளைந்து வளைந்து போய் விழும். ஆடு மேய்க்கிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அப்படி வீசியதில் ஒருநாள் ஒரு இறகுப் பூச்சி கருப்பர் கோயில் வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது. அறுத்துவிட்டு வந்துவிட்டார். அந்த மாதம் பார்த்து எங்கள் தெருவில் இரண்டு ஆடு செத்தது. கறுப்புச் சேவல் இறகு, கறுப்பு நூல், ஜரிகை, கூடவே ஒரு முள். வேறென்ன வேண்டும்? யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊரே கிடுகிடுத்தது. கோடாங்கியைக் கூட்டி வந்து உடுக்கை அடித்துக் குறி கேட்டதில், நூல் புழங்குகிற கை என்று சொல்லிவிட்டார். நூல் புழங்குகிற கை என்றால் அந்தத் தெருவில் யார்? மறுநாள் காலையில் மூன்று பேர் வந்து தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

அன்று மாலை இவர் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அதிலிருந்த நாற்பது பூச்சிகளையும் ஊர்க்காரர்கள் முன்னால் பரப்பி வைத்து, மரத்தில் தொங்குவது தன்னுடையது, மீனுக்குக் கட்டியது என்றார். நம்பினார்கள். நம்பினாலும் பரிகாரம் செய்தாக வேண்டும், கருப்பருக்கு ஒரு சேவல் அறுக்க வேண்டும் என்றார்கள். இவரோ மாதா கோயிலுக்குப் போகிறவர். "சரிங்க" என்றார். செய்யாத குற்றத்துக்கு எதற்குத் தலையாட்டினீர்கள் என்று நான் கத்தினேன். அவர்களுக்குப் பயம் போக வேண்டும் அல்லவா என்று பதில் சொன்னார். சேவல் அறுத்து முடிந்ததும் பூசாரியிடம் பணிவாகப் போய், கழுத்து இறகை மட்டும் நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். துணியை வாங்கிப் போன மூன்று பேரும் மறுபடி கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அவரை நான் முதலில் சார் என்றுதான் கூப்பிட்டேன். நாளாக ஆக அது வாயில் வரவில்லை. பெயர் சொல்ல முடியாது. ஏங்க என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் கத்தரிக்கோலால் மேசையைத் தட்டுவேன், நிமிர்ந்து பார்ப்பார். இப்படியே ஒரு வருடம் ஓடியது.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு பாய்ந்தது. தீபாவளிக்கு மூன்று நாள். பதினெட்டு ரவிக்கை பாக்கி. கைவேலைக்கு வருகிற பெண்ணும் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவர் கம்போடு வந்து வாசலில் நின்றார்.

"தண்ணி ஓடுது. பாக்க வாரீங்களா?"

அத்தனை நாளில் அவராக என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன டெய்லர் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கலுங்கிலிருந்து இறங்குகிற தண்ணீர் கல்லில் மோதி நுரைத்து, பேசினால் காதில் விழாத சத்தத்தில் போனது. இடுப்பளவுக்கு இறங்கி நின்றார். எதிர்க்கரைப் பக்கமாக வீசுவார். தண்ணீரே அந்தப் பூச்சியைக் குறுக்கே இழுத்துக்கொண்டு வரும். அது வந்து நேராக நின்றதும் இரண்டடி கீழே நகர்ந்து மறுபடி வீசுவார். அதேதான், மறுபடி மறுபடி. ஓய்ந்தபோது கரைக்கு வந்து அந்த மீனைப் பற்றிச் சொன்னார். ஸ்டீல்ஹெட் என்று பெயர். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், இரண்டு மூன்று வருடம் கழித்துப் பிறந்த அதே ஆற்றைத் தேடி எதிர்நீச்சலில் ஏறி வருமாம். மற்ற சில மீன்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும், இதில் சிலது மறுபடி கடலுக்குப் போய் மறுபடியும் வரும் என்றார். அங்கே விடிந்ததிலிருந்து ஐஸ் தண்ணீரில் நின்றாலும் பத்து நாள் ஒன்றும் கடிக்காது. பதினோராம் நாள் கடிக்கும்போது தோள்வரைக்கும் தெரியுமாம். பேசும்போது அவர் கண் கலுங்கைப் பார்க்கவில்லை. இந்நேரம் அங்கே ஏற ஆரம்பித்திருக்கும் என்றார்.

மறுபடி இறங்கியதும் ஒரு பெரிய வாளை மாட்டியது. அது ஓடியது. அவர் நிறுத்தவில்லை, ஓடவிட்டார். நூல் சுற்றிய உருளை கிறீச்சிட்டது. மீன் நின்றபோது மெல்லச் சுற்றினார், அது ஓடியபோது மறுபடி விட்டார். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. காலடிக்கு வந்ததும் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

"ரெண்டு கையாலயும் புடிங்க. இறுக்காதீங்க. அதுக்கு மூச்சு வந்தா அதுவாப் போகும்."

பிடித்தேன். என் கைக்குள் அது மூச்சு வாங்கியது. அவர் கை என் கைக்குக் கீழே இருந்தது. கொஞ்ச நேரத்தில் உடம்பை ஒரு திருப்புத் திருப்பிப் போய்விட்டது. அஞ்சு கிலோ மீனை விட்டுவிட்டாளே பாவி என்று கரையில் நின்ற ஒருவர் என்னைத்தான் திட்டினார். அன்றுதான் எனக்கு அவர் மேல் ஆசை வந்தது. இதற்கு வேறு நாகரிகமான சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

பங்குனியில் விடுதியிலிருந்து காகிதம் வந்தது. ஆடிக்குள் வந்துவிட வேண்டும், பழைய வேலையே காத்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். காக்கி நிறத்தில் கெட்டித் துணி வாங்கி வந்து, மீன் பிடிக்கும்போது போட்டுக்கொள்ளக் கையில்லாத சட்டை ஒன்று பதினோரு பையோடு தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் பெண்களுக்கு மட்டும் தைக்கிறவள். வீட்டுக்காரர் போன பிறகு ஆண்பிள்ளை உடம்பில் டேப் வைத்ததில்லை. அளவெடுத்தேன். நோட்டில் எழுதும்போது எண்கள் கோணல்மாணலாக வந்தன.

இரண்டே நாளில் தைத்து முடித்துவிட்டேன். முடித்து, மற்ற துணிகளுக்கு அடியில் மாட்டி வைத்துவிட்டு, இன்னும் ஆகவில்லை, நாளை வாருங்கள் என்றேன். டெய்லர் வாயில் நாளை என்று வந்தால் சண்டைக்கு நிற்காதவர்கள் உண்டா? என் கடையில் அதற்காக மேசையைக் குத்தியவர்கள் இருக்கிறார்கள். இவர் ஏழு தடவை வந்தார். ஏழு தடவையும் "சரிங்க". ஒரு தடவை அவர் குரல் உயர்ந்திருந்தால், என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டிருந்தால், நினைத்துக்கொண்டிருந்ததை நான் சொல்லியிருப்பேன்.

கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் வந்தார். சட்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார். அடியிலிருந்து எடுத்து நீட்டினேன். போட்டுப் பார்த்தார். தோள் இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது. பொத்தானைப் போட்டபடி, தலை நிமிராமல் கேட்டார்.

"போகட்டுமா?"

"எங்கிட்ட ஏன் கேக்குறீங்க?"

"ஒங்ககிட்டதான் கேக்கணும்னு தோணுச்சு."

மிஷினுக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவர். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. எதிரே டீக்கடைக்காரர் இங்கிட்டே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விதவை, அவர் மாதா கோயில்காரர், ஊர் என்ன சொல்லும் என்று என்னென்னவோ எனக்குள் ஓடியது. உண்மையில் அதெல்லாம் பெரிதில்லை. என்னை அவர் கேட்க வேண்டும், நான் அவரைக் கேட்கக் கூடாது என்ற வீம்புதான். கேட்டுவிட்டார் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"போங்க. அங்க மீன் காத்துக்கிட்டு இருக்கும்ல" என்றேன்.

கடைசிப் பொத்தானையும் போட்டார். "சரிங்க" என்றார்.

அங்கே போய் வாட்ஸப்பில் படம் அனுப்புவார். பனி மூடிய மலை, பச்சைத் தண்ணீர், கையில் வெள்ளியாக ஒரு மீன், என் தையலில் அந்தச் சட்டை. நன்றாக இருக்கிறது என்று மட்டும் பதில் போடுவேன். இரண்டு வருடம் இப்படிப் போனது. மூன்றாம் வருடம் பதில் போடுவதை நிறுத்தினேன். ஏன் பதில் இல்லை என்று கேட்கிறாரா பார்ப்போம் என்று இருந்தேன். இன்னும் இரண்டு படம் வந்தது. பிறகு வரவில்லை.

அதற்குள் கடைக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்னார்கள். நான் புதுக்கோட்டைக்கு வந்துவிட்டேன். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கடை. யாராவது தேடி வந்தால் சொல்லுங்கள் என்று டீக்கடைக்காரரிடம் சொல்லியிருந்தேன். யார் வந்தால் என்று சொல்ல வாய் வரவில்லை.

போன வருடம் டீக்கடைக்காரர் மகளுக்குக் கல்யாண ரவிக்கை தைக்க வேண்டும் என்று என் கடைக்கு வந்தார். துணியைப் பிரித்துக்கொண்டே, மறந்தே போய்விட்டது என்று ஆரம்பித்தார். ஒரு மாதத்துக்கு முன் கனடாக்காரர் வந்திருந்தாராம். இடித்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். புதுக்கோட்டைக்குப் போய்விட்டார்கள், இடம் சொல்லட்டுமா என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு, இருக்கட்டுங்க என்று டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாராம்.

மறுநாள் காலையில் ஆவூருக்குப் பேருந்து ஏறினேன். அவர் அண்ணன் வீட்டில் அண்ணி மட்டும் இருந்தார்கள். யார் என்று சொல்வதற்கு முன்பே என்னை மேலும் கீழும் பார்த்து, உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பப் போய்விட்டார் என்றார்கள்.

"அன்னவாசலு டெய்லரம்மா நீங்கதானே? பத்து நாளும் ஒங்க பேச்சுதான். இந்தா இருக்கு புதுக்கோட்டை, போய்ப் பாத்துட்டு வாங்களேன்னு நான் எவ்வளவோ சொன்னேன். 'பதில் போடுறத நிறுத்திட்டாங்க, எடத்தையும் மாத்திட்டாங்க. வெலகிப் போறவங்களத் தொரத்தக் கூடாது அண்ணி'ன்னுட்டாரு எங்க கொழுந்தனாரு. ஒங்களப் பாக்கத்தாம்மா அவரு வந்ததே."

திரும்பி வருகிற பேருந்தில் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கடல் தாண்டி வரத் தெரிந்தவருக்கு, அன்னவாசலில் இருந்து அரை மணி நேரம் பேருந்தில் வரத் தெரியவில்லையா? பத்து நாள் பக்கத்தில் இருந்திருக்கிறார். அந்தப் பத்து நாளும் நான் கடையில், வாசலைப் பார்த்தபடி போட்டிருக்கிற மிஷினில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய எண் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டால் வந்துவிடுவார், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் நான் கூப்பிடாமல் அவர் வர வேண்டும். அதை நினைத்துக்கொண்டே தினமும் கடையைத் திறக்கிறேன்.